கடலையே முகவரியாகக் கொண்ட கப்டன் ஜோசுவா ஸ்லோக்கம்

வீடு என்றதும் நமது மனக்கண்ணில் எழுவது வளவும் வேலியும் கிணறும் முற்றமுமேயாகும். காணி உறுதி என்ற காகிதத்தை உயிரினும் மேலாகப் பேணிவரும் சமூகங்களைச் சேர்ந்த நமக்கு, நிலமின்றி ஒரு வாழ்க்கை அமையுமென்பதை ஏற்றுக்கொள்வது எளிதன்று. ஆயினும், நிலத்தில் ஓரடியேனும் சொந்தமாக வேண்டுமென விரும்பாது, பாய்ப்படகொன்றையே வீடாகவும் கடலையே முகவரியாகவும் கொண்டு வாழும் மனிதர்கள் உலகில் இருக்கவே செய்கின்றனர். அத்தகையோரை இன்று மிகுதியாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று கரீபியன் கடலாகும்.

தெற்கே கிரனடாவிலிருந்து வடக்கே அன்ரிகுவா வரை ஏறத்தாழ 550 கிலோமீற்றர் தூரத்திற்கு வில் போல் வளைந்து கிடக்கும் அத்தீவுகள் பாய்ப்படகுக்கென்றே வரிசைப்படுத்தப்பட்டவை போன்றவை. காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசுகிறது. தீவுகளோ தெற்கு வடக்காக அமைந்துள்ளன. ஆகவே, தெற்கே செல்லினும் வடக்கே செல்லினும் காற்று படகின் பக்கவாட்டில் கிடைக்கிறது. வானம் தெளிந்த நாளில் ஒரு தீவை விட்டுப் புறப்படும்போதே அடுத்த தீவின் மலைமுடி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். டிசெம்பர் முதல் மே வரை இத்தீவுகளின் குடாக்கள் தோறும் பாய்ப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும். ஜூன் பிறந்து சூறாவளிக் காலம் தொடங்கியதும் அவற்றுட் பல புகலிடம் தேடி நகர்ந்துவிடும். செய்மதி வழிகாட்டியும் சூரிய மின்கலமும் குளிர்சாதனப் பெட்டியும் பொருத்தப்பட்ட இன்றைய படகுகளில் வாழ்வோர், தமது வாழ்க்கை முறைக்கு முன்னோடி யாரெனக் கேட்டால் தயக்கமின்றிக் கூறும் பெயர் ஒன்றுண்டு. அதுவே கப்டன் ஜோசுவா ஸ்லோக்கம் என்பதாகும்.

உலகைத் தன்னந்தனியனாய்ப் பாய்ப்படகில் முதன்முதலிற் சுற்றிவந்தவர் என்ற வகையில் ஸ்லோக்கத்தின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆனால், அந்தச் சாதனைக்கு முன்னும் பின்னுமாய் அமைந்த அவரது வாழ்க்கையை அறிந்தோர் சிலரே. காலம் கைவிட்ட ஒரு தொழிலாளியின் கதையாகவும், கரையில் தனக்கோர் இடம் தேடித் தோற்ற ஒரு மனிதனின் கதையாகவும் அதனை நோக்குவதே பொருத்தமென நாம் கருதுகிறோம்.

ஸ்லோக்கம் 1844 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் திகதி, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் மவுன்ட் ஹான்லி என்ற கிராமத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் அவர் ஐந்தாமவர். தாயின் தந்தையார் கலங்கரை விளக்கக் காவலர். தந்தையாரோ விவசாயத்தில் பயன் காணாது, குடும்பத்தைப் பிரையர் தீவுக்கு இடம்பெயர்த்து, மீனவர்களுக்கான தோற் சப்பாத்துகளைத் தைத்து விற்றவர். எட்டு வயதிலேயே தீவுக்கு வந்துவிட்ட சிறுவன் ஜோசுவா, பாடசாலைக் கல்வியை மூன்றாம் வகுப்பளவில் நிறுத்திவிட்டுத் தோலின் துர்நாற்றம் சூழ்ந்த அப்பட்டறையிலேயே பகற்பொழுதுகளைக் கழிக்க நேர்ந்தது. ஒருநாள் அவன் மறைவாக அமர்ந்து செதுக்கிக்கொண்டிருந்த சிறிய மரக்கப்பலைத் தந்தையார் பறித்து உடைத்தெறிந்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். உடைந்தது கப்பல் மட்டுமன்று; மகனுக்கும் வீட்டுக்குமிடையிலான பிணைப்பும் அதனுடன் உடைந்துபோயிற்று எனலாம்.

14 வயதில் மீன்பிடிக் கப்பலொன்றில் சமையலாளாகச் சேர வீட்டைவிட்டு ஓடிய அவர், பின்னர் திரும்பிவந்தார். 1860 இல் தாயார் காலமானதும் அவரைக் கரையிற் பிடித்துவைக்க எதுவும் இருக்கவில்லை. 16 வயதில் சாதாரண கப்பலாளாகக் கடலேறிய அவர் மீண்டும் அவ்வீட்டில் வாழவில்லை. கடலிலேயே எழுத்தையும் கணிதத்தையும் வானசாத்திரத்தையும் தாமாகப் பயின்றார். 18 வயதில் துணை மாலுமியாகத் தகுதி பெற்ற அவர், சான் பிரான்சிஸ்கோவைத் தளமாகக் கொண்டு அமெரிக்கக் குடிமகனாகி, இருபதுகளின் நடுப்பகுதியிலேயே கப்பற் தலைவராகவும் உயர்ந்தார். மாலுமி என்ற சொல் ஆசான் எனப் பொருள்படும் முஅல்லிம் என்ற அரபுச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்ததென அகராதிகள் கூறுகின்றன. தனக்குத்தானே ஆசானாக அமைந்த ஸ்லோக்கத்திற்கு அச்சொல் முற்றிலும் பொருந்துகிறது.

1871 ஜனவரி 31 ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வேர்ஜீனியா வோக்கர் என்ற இளம்பெண்ணை அவர் மணந்தார். மணமகள் புகுந்த வீடு ஒரு கப்பலாகும். அடுத்த பதின்மூன்று ஆண்டுகளும் அவர்கள் வாழ்ந்தது கப்பல்களிலேயே. பிறந்த ஏழு பிள்ளைகளும் கடலிலோ அந்நியத் துறைமுகங்களிலோ பிறந்தவர்கள்; அவர்களுள் நால்வரே பிழைத்து வளர்ந்தனர். கப்பலறையே அவர்களது பாடசாலை, தாயே ஆசிரியை. அலாஸ்காவிலும் சீனாவிலும் பிலிப்பைன்ஸிலுமாக வணிகம் செய்த ஸ்லோக்கம், நோர்தேர்ன் லைட் என்ற பெருங்கப்பலுக்குப் பங்குதாரராகவும் தலைவராகவும் ஆனபோது தமது தொழிலின் உச்சத்தை அடைந்தார்.

ஆனால், அந்த உச்சம் நிலைக்கவில்லை. 1869 இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாய், பாய்க்கப்பல்களுக்கு எதிரான ஒரு தீர்ப்பாகவே அமைந்தது. காற்றை நம்பிய கப்பல்களுக்குச் செங்கடலின் ஒடுங்கிய வழி ஒவ்வாதிருக்க, நிலக்கரியை நம்பிய நீராவிக் கப்பல்கள் கிழக்கின் வணிகத்தைக் கைப்பற்றின. அதன் விளைவாகப் பாய்க்கப்பல்கள் இலாபம் குறைந்த சரக்குகளுக்கும் கடைநிலைக் கப்பலாட்களுக்கும் தள்ளப்பட்டன. நோர்தேர்ன் லைட்டில் கலகம் விளைந்தது; ஓர் அதிகாரியைச் சட்டவிரோதமாக அடைத்துவைத்தாரென ஸ்லோக்கத்திற்கு நியூயோர்க் நீதிமன்றத்தில் 500 டொலர் தண்டம் விதிக்கப்பட்டது. பெருங்கப்பலை இழந்த அவர், அக்விட்நெக் என்ற சிறிய கப்பலைத் தமதாக்கிக்கொண்டார். அக்கப்பலில், 1884 ஜூலை 25 ஆம் திகதி, ஆர்ஜென்ரீனாவின் பியூனஸ் அயர்ஸ் துறைமுகத்திற் கிடந்தபோது வேர்ஜீனியா நோய்வாய்ப்பட்டு மரணமானார். அப்போது அவருக்கு வயது 34. அன்றிலிருந்து ஸ்லோக்கத்தின் வாழ்க்கை சுக்கானை இழந்த கலம் போலாயிற்று.

1886 இல் அவர் தமது உறவுப் பெண்ணான ஹென்றியேற்றாவை மறுமணம் செய்து, மகன்மார் இருவருடன் மீண்டும் தென் அமெரிக்காவுக்குப் பயணமானார். அப்பயணத்தில் துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கப்பலாட்கள் கலகம் செய்தனர். தம்மைத் தாக்க வந்தவர்களை ஸ்லோக்கம் சுட்டார், ஒருவர் இறந்தார். தற்காப்பு எனக் கண்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. அடுத்து பெரியம்மை நோய் கப்பலைச் சூறையாடியது. 1887 இறுதியில் பிரேஸிலின் பரனகுவா குடாவில் மணற்றிட்டொன்றில் மோதி அக்விட்நெக்கும் சிதைந்தது. காப்புறுதி செய்யப்படாத அக்கப்பலுடன் அவர் உழைத்துச் சேர்த்த அனைத்தும் போயின.

கையில் பணமின்றி, மனைவி மக்களோடு அந்நியக் கரையில் நின்ற அவர் ஊர் திரும்பப் பிறரது தயவை நாடவில்லை. சிதைந்த கப்பலின் எஞ்சிய பொருட்களையும் காட்டில் வெட்டிய மரங்களையும் கொண்டு 35 அடி நீளமான படகொன்றைக் கட்டினார். சீனக் கலங்களைப் போன்று மூங்கில் வைத்த பாய்கள் அதற்கு அமைக்கப்பட்டன. 1888 மே 13 ஆம் திகதி, பிரேஸிலில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட அதே நாளில், படகு நீரில் இறக்கப்பட்டது. ஆகவே, விடுதலை எனப் பொருள்படும் லிபர்தாதே என்ற போர்த்துக்கேயப் பெயரை அதற்கு இட்டார். அக்குடும்பம் அப்படகிலேயே உண்டு, உறங்கி, சுமார் 5,500 மைல் தூரம் பயணம் செய்தது. பார்படோஸ், புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய கரீபியன் தீவுகளில் தங்கி, பஹாமாஸ் வழியாக அமெரிக்கக் கரையை அடைந்து, 1888 டிசெம்பர் இறுதியில் வொஷிங்டன் நகரில் நங்கூரமிட்டது. இன்று குடும்பத்துடன் சிறுபடகில் கரீபியன் தீவுகளைச் சுற்றுவோர் உல்லாசத்திற்காகச் செய்வதனை ஸ்லோக்கம் குடும்பம் வேறு வழியின்றிச் செய்தது. கரையேறிய ஹென்றியேற்றா அதன்பின் கணவருடன் கடற்பயணம் செல்ல ஒருபோதும் உடன்படவில்லை. அவரைக் குறைகூற நம்மால் இயலாது.

உலகின் பெருங்கடல்களில் கால் நூற்றாண்டு காலம் கப்பல் செலுத்தியவருக்குத் தாயகத்தில் வேலை கிடைக்கவில்லை. பாய்க்கப்பல்கள் கரையில் கட்டிவைக்கப்பட்டு உக்கிக்கொண்டிருந்தன. நீராவிக் கப்பலில் சேவை புரிய அவர் விரும்பவுமில்லை. இந்நிலையில், 1892 இல், அறிமுகமான ஒரு முதிய கப்டன் தம்மிடமுள்ள கப்பலொன்றைத் தருவதாகக் கூறினார். மாசசூசெற்ஸ் மாநிலத்தின் பெயார்ஹேவன் ஊருக்குச் சென்று பார்த்தபோது, வயலொன்றில் படங்குத்துணி போர்த்து முட்டுக்கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தது, சிப்பி வாரும் தொழிலிற் பயன்பட்டு உக்கிப்போன பழைய படகு ஒன்றேயாகும். ஸ்பிரே, அதாவது நீர்த்திவலை, என்பது அதன் பெயர்.

கேலியாகத் தரப்பட்ட அப்படகை ஸ்லோக்கம் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அயலிலுள்ள ஓக் மரங்களை வெட்டி, பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, 13 மாத உழைப்பில் அதனைப் புதுப்பித்தார். பொருட்களுக்கான மொத்தச் செலவு 553 டொலர் 62 சதம். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். சுக்கானைக் கட்டிவிட்டால், பாய்களின் சமநிலையாலேயே நாட்கணக்கில் திசை மாறாது செல்லும் அரிய குணம் அப்படகுக்கு வாய்த்திருந்தது. தனி மனிதன் உறங்கவும் சமைக்கவும் நூல் வாசிக்கவும் வழிசெய்தது அக்குணமேயாகும்.

1895 ஏப்ரல் 24 ஆம் திகதி, 51 வயதில், அவர் பொஸ்டனிலிருந்து புறப்பட்டார். குளோஸ்டர் துறைமுகத்தில் சில நாட்கள் தங்கிப் பயணத்துக்கான பொருட்களைச் சேகரித்தார். ஈழத்தமிழ் வாசகருக்குக் குளோஸ்டர் என்ற பெயர் புதியதன்று. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், சிறுபடகில் உலகைச் சுற்றிய வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கரால் வாங்கப்பட்டு, நம்மவர்களான மாலுமிகளால் செலுத்தப்பட்டு, 1938 இல் சென்றடைந்ததும் அதே குளோஸ்டர் துறைமுகத்தையேயாகும். பாய்மரத் தொழில் அருகிய காலத்தில், அதன் நுட்பத்தை இறுதிவரை கைவிடாதோர் இரு கரைகளிலும் இருந்தனர் என்பதற்கு இத்துறைமுகம் சாட்சி.

ஸ்லோக்கத்திடம் துல்லியமான கடல் மணிக்கூடு இருக்கவில்லை. அதனைச் சீர்செய்யும் செலவு தாங்காததால், ஒரு டொலருக்கு வாங்கிய தகரக் கடிகாரத்துடன் புறப்பட்டார். அது பழுதடைந்தபோது கொதிநீரில் இட்டு மீண்டும் ஓடச்செய்ததாக அவரே நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். சூரியனையும் சந்திரனையும் அளந்து, கடலின் நிறத்தையும் பறவைகளின் பறப்பையும் அவதானித்து வழிகண்டார். பேசுவதற்கு ஆளின்றிக் குரலே மறந்துவிடுமோ என அஞ்சி, இல்லாத கப்பலாட்களுக்குக் கட்டளையிட்டும், பாடியும் பழகினார்.

முதலில் கிழக்கு நோக்கிச் சென்று ஜிப்ரோல்டரை அடைந்தவர், மத்தியதரைக் கடலிற் கொள்ளையர் அபாயமுண்டென எச்சரிக்கப்பட்டதால் திசைமாற்றி மீண்டும் அத்திலாந்திக்கைக் கடந்தார். தென் அமெரிக்காவின் முனையிலுள்ள மகலன் நீரிணையில் புயலுடன் பல வாரங்கள் போராடினார். இரவில் படகில் எவரும் ஏறாதிருக்கத் தளமெங்கும் சிறு ஆணிகளைப் பரப்பிவிட்டு உறங்கிய சம்பவம் உலகப் புகழ் பெற்றது. வெறுங்காலுடன் ஏறிய அப்பகுதிப் பழங்குடியினர் அலறியடித்து ஓடியதை வாசகர் சிரித்தபடி வாசிப்பதுண்டு. அம்மக்கள் தமது நிலத்தையும் கடலையும் அந்நியக் குடியேற்றக்காரரிடம் இழந்துகொண்டிருந்த காலம் அதுவென்பதையும் நாம் சேர்த்தே வாசித்தல் வேண்டும்.

பசிபிக்கில் 72 நாட்கள் கரை தொடாது சென்று சமோவாவை அடைந்தார். அங்கு எழுத்தாளர் ரொபேர்ட் லூயி ஸ்ரீவன்சனின் விதவை மனைவியார் அவரை உபசரித்தார். அவுஸ்திரேலியாவைச் சுற்றி, இந்து சமுத்திரத்தில் 23 நாட்கள் பயணம் செய்து கொக்கோஸ் தீவுகளுக்கு வந்தார். அந்நாட்களில் மொத்தம் மூன்று மணித்தியாலத்திற்கு மேல் அவர் சுக்கானைப் பிடிக்கவில்லை. மலாய் முஸ்லிம்கள் வாழ்ந்த அத்தீவில் அவர் பழப்பாகு உண்பதைக் கண்ட சிறுவர்கள், கப்டன் தார் உண்கிறார் எனக் கூவி வியந்த கதையை வாஞ்சையுடன் பதிவு செய்திருக்கிறார். அங்கிருந்து பெருங்கிளிஞ்சல்களைப் படகிற்கு எடைப்பாரமாக ஏற்றிக்கொண்டார். தென்னாபிரிக்காவில் ஜனாதிபதி குரூகரைச் சந்தித்தபோது, பூமி உருண்டையென்பதை ஏற்காத அவர், உலகைச் சுற்றுகிறேன் என்ற பேச்சையே அனுமதிக்கவில்லை.

சென்ற் ஹெலெனா தீவில் அன்பளிப்பாகக் கிடைத்த ஓர் ஆடு, இப்பயணத்தின் இறுதிக் கட்டத்தை அபாயமாக்கியது. கயிற்றை அறுத்துக்கொண்டு படகெங்கும் மேய்ந்த அவ்வாடு, கரீபியன் கடலின் வரைபடத்தையே தின்றுவிட்டது. அதனை அசென்சன் தீவில் இறக்கிவிட்ட ஸ்லோக்கம், பாறைகளும் பவளத்திட்டுகளும் நிறைந்த தீவுக் கடலுக்குள் வரைபடமின்றியே நுழைந்தார். 1898 மே மாதத்தில் ஓரிரவு, ரொபாகோ தீவுக்கு அருகே, தம் முன்னே அலைகள் பாறையில் மோதி வெண்மையாய் உடைவதைக் கண்டு உயிரச்சத்துடன் படகைத் திருப்பித் திருப்பிச் செலுத்தினார். நெடுநேரத்தின் பின்னரே, அது பாறையன்று, தொலைவில் ட்ரினிடாட் தீவிலுள்ள கலங்கரை விளக்கின் சுழலும் ஒளி அலைகளில் வீழ்ந்து மின்னுவதெனத் தெளிந்தார். மூன்று பெருங்கடல்களை அஞ்சாது கடந்தவரை ஒரு விளக்கின் ஒளி நடுங்கவைத்தது.

கிரனடா, டொமினிக்கா, அன்ரிகுவா என இன்றைய படகுவாசிகள் செல்லும் அதே வழியில் தீவு தீவாக ஏறி, ஜூன் தொடக்கத்தில் அன்ரிகுவாவை விட்டுப் புறப்பட்டார். அமெரிக்கா அப்போது ஸ்பெயினுடன் போரில் ஈடுபட்டிருந்தது. கண்ணிவெடிகள் இடப்பட்டிருந்த நியூபோர்ட் துறைமுகத்துள் 1898 ஜூன் 27 ஆம் திகதி அதிகாலை அவர் நுழைந்தார். மூன்று ஆண்டுகளும் இரண்டு மாதங்களும், 46,000 மைல்கள். பின்னர் பெயார்ஹேவனுக்குச் சென்று, ஸ்பிரே முதன்முதலில் கட்டப்பட்டிருந்த அதே மரக்குற்றியில் அதனைக் கட்டினார்.

1900 இல் வெளியான அவரது பயண நூல் புகழையும் ஓரளவு பணத்தையும் ஈட்டித் தந்தது. 1901 இல் பஃபலோ நகரில் நடந்த பெருங்கண்காட்சியில் ஸ்பிரே காட்சிக்கு வைக்கப்பட்டது. 1902 இல் மார்த்தாஸ் வினியார்ட் தீவில் ஒரு தோட்டக் காணியையும் வாங்கினார். வாழ்நாளில் முதன்முறையாகக் கரையில் ஒரு வீடு! ஆனால், மரக்கன்று வளர்வதற்குக் காத்திருக்கும் பொறுமை கடலிற் பழகிய கைகளுக்கு வாய்க்கவில்லை. வீட்டில் மனைவியுடனான உறவும் தளர்ந்தது. 1905 முதல் குளிர்காலந் தோறும் ஸ்பிரேயில் தெற்கே சென்று, ஜமெய்க்கா, கேமன் முதலிய கரீபியன் தீவுகளில் வாழத் தொடங்கினார். சங்குகளையும் சிப்பிகளையும் சேகரித்து, கோடையில் வடக்கே திரும்பி, அவற்றையும் தமது நூலையும் படகிலிருந்தே விற்றார். குளிர்காலத்தில் தீவுகள், கோடையில் வடக்கு என இன்று பலர் பின்பற்றும் ஆண்டுச் சுற்று அன்று அவரது பிழைப்பாக அமைந்தது.

இக்காலத்தில் நேர்ந்த ஒரு சம்பவத்தை அவரது புகழ் பாடுவோர் பலர் தவிர்த்துவிடுவர். அல்லது ஒரு வரியிற் கடந்துவிடுவர். 1906 மே மாதம், நியூ ஜேர்சி மாநிலத்தின் ரிவர்ட்டன் ஊரில், படகைப் பார்க்க வந்த 12 வயதுச் சிறுமியொருத்தியிடம் முறைகேடாக நடந்தாரென ஸ்லோக்கம் கைது செய்யப்பட்டார். பாரிய குற்றச்சாட்டு கைவிடப்பட்டு, அதனிலுங் குறைந்த குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்டது. அவர் அதனை எதிர்த்து வாதாடவில்லை. 42 நாட்கள் சிறையிற் கழிந்தபின், அவ்வூருக்கு மீண்டும் வரக்கூடாதென்ற கட்டளையுடன் விடுவிக்கப்பட்டார். சில வாரங்களிலேயே, கரீபியனிலிருந்து கொண்டுவந்த ஓர்கிட் செடியுடன் அவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் இல்லத்திற்குச் சென்றார். ஜனாதிபதியின் மகன் ஸ்பிரேயில் பயணமும் செய்தான். புகழ்பெற்றவனுக்கு மாளிகைக் கதவுகள் எத்துணை விரைவிற் திறக்கின்றன என்பதை இது காட்டுகிறது. அச்சிறுமிக்கு அதன்பின் என்ன நேர்ந்ததென்பதை எழுதுவதில் எவரும் அக்கறை கொள்ளவில்லை. ஒருவரது சாதனையை மதித்தல் வேறு. அவரது வாழ்க்கைக் கணக்கில் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிதல் வேறு. முன்னையதற்காகப் பின்னையதைச் செய்ய நாம் உடன்படலாகாது.

ஆண்டுகள் செல்லச் செல்ல, படகும் அதன் தலைவரும் ஒருசேர மூப்படைந்தனர். கயிறுகள் நைந்தும் படகு பராமரிப்பின்றியும் இருந்ததாகக் கண்டோர் எழுதியுள்ளனர். ஒரினோக்கோ நதி வழியே உட்சென்று அமேசன் நதியை அடையும் புதிய திட்டமொன்று அவர் மனதில் இருந்தது. அதற்கென மார்த்தாஸ் வினியார்டிலிருந்து கரீபியன் நோக்கி மீண்டும் தனியாகப் பாய் விரித்தார். அதன்பின் அவரையோ ஸ்பிரேயையோ கண்டவர் எவருமில்லை. நீராவிக் கப்பலொன்று இருளில் மோதியிருக்கலாம். மூத்த பலகை ஒன்று பிளந்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் கடலில் வாழ்ந்த அவருக்கு நீந்தத் தெரியாது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1924 இல் நீதிமன்றம் அவரை இறந்தவரெனப் பிரகடனம் செய்து, அவர் இறுதியாகப் புறப்பட்ட 1909 நவம்பர் 14 ஆம் திகதியையே மரணத் திகதியாகக் கொண்டது. அத்திகதி குறித்துக்கூட ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு. ஓராண்டு முன்னரே அவர் புறப்பட்டுவிட்டாரென வாதிடுவோர் உள்ளனர். காணாமற்போன ஒருவருக்குச் சட்டம் ஒரு திகதியைக் குறித்துக் கோவையை மூடிவிடலாம். காத்திருப்போரின் மனக்கோவை அவ்வாறு மூடப்படுவதில்லை என்பதை இந்நாட்டு வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. ஹென்றியேற்றா 1952 வரை வாழ்ந்தார்.

ஸ்லோக்கம் விட்டுச்சென்றவை எவை? நிலம் அல்ல, செல்வம் அல்ல. அவரது நூல் இன்றும் அச்சில் உள்ளது. ஸ்பிரேயின் அமைப்பைப் பின்பற்றிய படகுகள் பல நாடுகளில் கட்டப்பட்டன. 1968 இல் இடைநில்லாது உலகைச் சுற்றும் போட்டியிற் கலந்துகொண்ட பிரெஞ்சுக்காரர் பேர்னார்ட் மொய்ட்டெசியே தமது படகுக்கு ஜோசுவா எனப் பெயரிட்டார். கடலை ஆராயும் ஆளற்ற ஆய்வுக் கருவியொன்றுக்கும் விஞ்ஞானிகள் ஸ்லோக்கம் எனப் பெயர் சூட்டியுள்ளனர். அவ்வகைக் கருவியொன்று 2009 இல் மனிதத் துணையின்றி அத்திலாந்திக்கைக் கடந்தது. இயந்திரத்தால் வேலையிழந்த மனிதரின் பெயரை ஓர் இயந்திரம் சுமந்து செல்வது விந்தையே.

படகில் வாழ்தல் சுதந்திரத்தின் உச்சமெனச் சுற்றுலா விளம்பரங்கள் கூறுகின்றன. ஸ்லோக்கத்தின் வாழ்க்கை அத்துணை எளிய பாடத்தைப் புகட்டவில்லை. அவரது சுதந்திரத்தின் விலையை மனைவியர் இருவரும் பிள்ளைகளும் சேர்ந்தே செலுத்தினர். அதேவேளை, ஒரு தொழில் காலாவதியாகிவிட்டதென உலகம் தீர்மானிக்கும்போது, அத்தொழிலிற் தேர்ந்தவர்களும் காலாவதியாகிவிட்டதாகக் கொள்ளும் வழக்கம் எத்துணை தவறானது என்பதையும் அது உணர்த்துகிறது. ஐம்பது வயதில் எவருக்கும் வேண்டாதவராய் நின்ற ஒருவரும் எவருக்கும் வேண்டாததாய் வயலிற் கிடந்த ஒரு படகும் சேர்ந்தே அச்சாதனையைப் புரிந்தன. வள்ளமும் தோணியும் இயந்திரப் பெருங்கலங்களுக்கு முன் தோற்றுக்கொண்டிருக்கும் நமது கரைகளிலும், காற்றையும் நீரோட்டத்தையும் கண்ணால் வாசிக்கவல்ல முதியவர்கள் இன்னும் இருக்கின்றனர். அவர்களது அறிவைக் கேட்டுப் பதிவு செய்வதற்கு எஞ்சியுள்ள காலம் அதிகமில்லை. அப்பணியைப் பல்கலைக்கழகங்களும் கடற்றொழிலாளர் சங்கங்களும் இனியேனும் கையிலெடுக்க வேண்டும்.